எந்த எக்ஸ்எஸ்எல்டி எஞ்சின் வேகம்? உங்கள் தளத்துக்கு அளந்து பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி

எக்ஸ்எம்எல்லை எச்டிஎம்எல் பக்கமாக மாற்றும் விதிகளை எழுதும் மொழிதான் எக்ஸ்எஸ்எல்டி; அந்த விதிகளை ஓட்டுவது எஞ்சின். எந்த எஞ்சின் வேகம் என்று யாராவது கேட்டால், நான் திருப்பிக் கேட்பது இதைத்தான்: அந்த மாற்றம் எப்போது நடக்கிறது? நீங்கள் தளத்தைப் புதுப்பிக்கும்போதா, வாசகர் பக்கத்தைத் திறக்கும் நொடியிலா, இல்லை அவருடைய பிரவுசருக்குள்ளேயா? இதற்குப் பதில் தெரியாமல் எஞ்சின்களை ஒப்பிட ஆரம்பித்தால் நேரம்தான் வீண்.

நான் பார்த்துக்கொள்வது ஒரு தமிழ் அகராதித் தளம். பழைய அச்சு அகராதி ஒன்றைத் தட்டச்சு செய்து, எழுத்துக்கு ஒரு கோப்பாக எக்ஸ்எம்எல்லில் வைத்திருக்கிறோம். சொல், பொருள், மேற்கோள் என்று குறிச்சொற்களின் பெயர்களே தமிழில்தான். எக்ஸ்எம்எல் அதற்கு இடம் தருகிறது. கீழே சொல்லும் எந்த எஞ்சினும் அதற்காக முரண்டு பிடித்ததில்லை. உதாரணங்களை இந்தத் தளத்திலிருந்தே எடுக்கிறேன். பொருள் பட்டியலோ செய்திக் களஞ்சியமோ வைத்திருப்பவர்களுக்கும் கணக்கு இதேதான்.

முன்கூட்டியே மாற்றிவைக்க முடியுமா?

அகராதியில் ஒரு சொல்லின் பக்கம் தினமும் மாறுவதில்லை. பிழை திருத்தினால் மாறும், அவ்வளவுதான். அப்படியானால் திருத்தம் வந்ததும் அந்தப் பக்கத்தை மாற்றி, எச்டிஎம்எல் கோப்பாகச் சர்வரில் போட்டுவிடலாம். வாசகர் பார்ப்பது அப்புறம் வெறும் கோப்பு. எஞ்சின் எவ்வளவு நேரம் எடுத்தது என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. இந்த நிலையில் இருப்பவர்கள் வேகத்தை மறந்துவிட்டு, எழுத வசதியான எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் பாதிக்கும் மேற்பட்ட தளங்கள் இந்த வகைதான். ஆனாலும் கோரிக்கைக்கு ஒருமுறை எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

தேடல் முடிவு, வடிகட்டிய பட்டியல், உள்நுழைந்தவருக்கு ஏற்ப மாறும் பக்கம் இவற்றை முன்கூட்டியே செய்துவைக்க முடியாது. அங்கேதான் எஞ்சினின் வேகம் பேசும்.

பிரவுசருக்குள் மாற்றும் யோசனை இருந்தால் கைவிட்டுவிடுங்கள். பிரவுசர்களில் இருப்பது 1999இல் வந்த எக்ஸ்எஸ்எல்டி 1.0 மட்டும்தான். அதையும் எடுத்துவிடப் போவதாகக் குரோம் குழு 2025இல் அறிவித்துவிட்டது. பிரவுசரில் செய்தே ஆக வேண்டும் என்றால் சாக்சன்ஜேஎஸ் போல ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய எஞ்சினைப் பக்கத்தோடு சேர்த்து அனுப்பலாம். அதற்கான ஸ்டைல்ஷீட்டை, அதாவது மாற்றும் விதிகளை எழுதிய கோப்பை, முன்பே கம்பைல் செய்து (எஞ்சின் ஓட்டத் தயாரான வடிவுக்கு மாற்றி) ஜேசான் வடிவக் கோப்பாக வைக்க முடியும். ஆனால் எஞ்சினே வாசகரின் போனுக்கு இறங்க வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

அளக்க வேண்டியது ஒன்றல்ல, மூன்று

'இந்த எஞ்சின் இத்தனை மில்லிவிநாடி' என்று ஒரே எண்ணைச் சொல்பவரை நான் நம்புவதில்லை. ஒரு மாற்றத்துக்குள் மூன்று செலவு இருக்கிறது. முதலில் எஞ்சின் கிளம்பும் நேரம். அடுத்து ஸ்டைல்ஷீட்டைப் படித்துக் கம்பைல் செய்யும் நேரம். கடைசியில்தான் எக்ஸ்எம்எல்லைப் படித்து மாற்றும் நேரம். முதல் இரண்டையும் ஒருமுறை செலவழித்துப் பலமுறை பயன்படுத்தலாம். எஞ்சினை ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாகக் கிளப்பும் தளத்தில், மூன்றாவது செலவு மற்ற இரண்டின் நிழலில் காணாமல் போய்விடும். அங்கே எஞ்சினை மாற்றினாலும் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இதைப் பிரித்துப் பார்க்கக் கருவி வாங்க வேண்டியதில்லை. லினக்ஸில் எக்ஸ்எஸ்எல்டிபிராக் என்ற கட்டளை இருக்கும். அதில் டைமிங் என்ற ஆப்ஷனைப் போட்டால், ஸ்டைல்ஷீட்டைப் படிக்க எவ்வளவு, கோப்பைப் படிக்க எவ்வளவு, மாற்ற எவ்வளவு என்று தனித்தனி வரியாகச் சொல்லும். ரிபீட் என்பதையும் சேர்த்தால் மாற்றத்தை 20 முறை ஓட்டிக் காட்டும். புரொஃபைல் என்பது இன்னும் உபயோகம்: எந்த டெம்ப்ளேட் (ஸ்டைல்ஷீட்டில் உள்ள ஒரு விதி) எத்தனை முறை அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரத்தைத் தின்றது என்று அட்டவணையே வரும். பின்னால் வரும் சாக்சன் என்ற எஞ்சினிலும் நேரம் காட்டவும் திரும்ப ஓட்டவும் டெம்ப்ளேட்வாரி கணக்குக்கும் இதே போல ஆப்ஷன்கள் உண்டு.

ஜாவாவில் ஓடும் எஞ்சினை அளக்கும்போது முதல் சில ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜாவா நிரலை ஓட்டும் ஜேவிஎம் விறகடுப்பு மாதிரி. பற்றவைக்கத்தான் நேரமாகும், பற்றிக்கொண்டால் அது போடும் போடு வேறு. ஒரு கோப்பைக் கொடுத்து ஒரே ஒருமுறை ஓட்டிவிட்டு 'சாக்சன் ரொம்ப மெதுவுங்க' என்று சொல்பவர்கள் அளந்தது ஜேவிஎம் எழுந்து உட்கார எடுத்த நேரத்தை.

உங்கள் சொந்தக் கோப்புகளை வைத்தே அளந்து பாருங்கள். சிறியது ஒன்று, நடுத்தரம் ஒன்று, இருப்பதிலேயே பெரியது ஒன்று. எங்களிடம் ககரக் கோப்புதான் பெரியது; அது தாங்கினால் எல்லாம் தாங்கும். பிறகு சர்வரில் வைத்து, ஒரே நேரத்தில் பலர் கேட்பது போல ஏபி அல்லது டபிள்யூஆர்கே கருவியால் கோரிக்கைகளை அனுப்புங்கள். சராசரியைப் பார்த்துத் திருப்திப்படாமல், நூறில் மெதுவான ஐந்து கோரிக்கைகள் எவ்வளவு எடுத்தன என்று பாருங்கள். வாசகர் எரிச்சலடைவது அந்த ஐந்தில்தான்.

களத்தில் இருப்பவை

சி மொழியில் எழுதிய லிப்எக்ஸ்எஸ்எல்டிதான் எங்கும் நிறைந்திருப்பது. டேனியல் வேய்யார் க்னோம் திட்டத்துக்காக எழுதியது. பிஎச்பியின் எக்ஸ்எஸ்எல் நீட்சி, பைத்தானின் எல்எக்ஸ்எம்எல், ரூபியின் நோகோகிரி, என்ஜின்எக்ஸின் எக்ஸ்எஸ்எல்டி மாட்யூல், மேலே சொன்ன எக்ஸ்எஸ்எல்டிபிராக் எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது இந்த ஒரே எஞ்சின். ஆக, பிஎச்பியிலிருந்து பைத்தானுக்கு மாறினால் எக்ஸ்எஸ்எல்டி வேகமாகும் என்று யாராவது சொன்னால், எஞ்சின் மாறவில்லை என்பதை முதலில் நினைவுபடுத்துங்கள். மாறுவது ஸ்டைல்ஷீட் எத்தனை முறை கம்பைல் ஆகிறது என்பது.

இதுதான் பலரும் கவனிக்காத இடம். பிஎச்பியில் ஒவ்வொரு கோரிக்கையும் வெறுங்கையோடு தொடங்குகிறது. ஸ்டைல்ஷீட்டையும் அது இறக்குமதி செய்யும் கோப்புகளையும் ஒவ்வொரு முறையும் படித்துக் கம்பைல் செய்ய வேண்டும். பைத்தானில் சர்வர் உயிரோடு இருக்கும் வரை கம்பைல் செய்த பொருளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். என்ஜின்எக்ஸ் மாட்யூல் சர்வர் கிளம்பும்போதே அந்த வேலையை முடித்துவிடும். எஞ்சின் ஒன்றே, அனுபவம் மூன்று விதம். பிஎச்பியை விட முடியாதவர்கள் எஞ்சினைத் தேடி அலைவதைவிட, மாற்றிய எச்டிஎம்எல்லைக் கேஷில் வைப்பதே நல்லது.

லிப்எக்ஸ்எஸ்எல்டி சட்டென்று கிளம்பும், நினைவகம் அதிகம் கேட்காது. சிறிய கோப்பு, எளிய ஸ்டைல்ஷீட் என்றால் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. குறை என்னவென்றால் 1.0ஓடு நின்றுவிட்டது, இஎக்ஸ்எஸ்எல்டி (EXSLT) என்ற கூடுதல் தொகுப்பு சில வசதிகளைத் தருகிறது, அவ்வளவே. பல ஆண்டுகள் அதைப் பராமரித்தவரும் 2025இல் விலகிக்கொண்டார். வெளியார் எழுதிய ஸ்டைல்ஷீட்டையோ, நம்பிக்கையில்லாத எக்ஸ்எம்எல்லையோ அதில் ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும். உங்கள் கோப்பு, உங்கள் ஸ்டைல்ஷீட் என்றால் பதறத் தேவையில்லை.

அடுத்தது மைக்கேல் கேயின் சாக்சன். எக்ஸ்எஸ்எல்டி 2.0, 3.0 விதிமுறைகளைத் தொகுத்தவரே அவர்தான், 3.0 வந்தது 2017இல். சாக்சனின் எச்இ பதிப்பு இலவசம், திறந்த மூலம். ஸ்ட்ரீமிங், அதாவது முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றாமல் படிக்கப் படிக்க மாற்றுவது, காசு கொடுத்து வாங்கும் இஇ பதிப்பில்தான் உண்டு. சில நூறு மெகாபைட் கோப்புகளோடு மல்லாடுபவர்களுக்கு அது தேவைப்படலாம். மற்றவர்களுக்கு எச்இ போதும்.

எங்கள் வேலைக்குச் சாக்சன் பொருந்தியதற்குக் காரணம் வேறு. அகராதிக் கோப்பு பெரியது, வாசகர் கேட்பது அதில் ஒரே ஒரு சொல். சாக்சன் சர்வராக ஓடிக்கொண்டிருக்கும்போது கோப்பை ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாம். ஸ்டைல்ஷீட்டில் கீ என்று அறிவித்த தேடல் அட்டவணையும் அந்தக் கோப்போடு அப்படியே நிற்கும். அடுத்த கோரிக்கை வந்ததும் அட்டவணையில் தேடி எடுத்துக் கொடுத்துவிடும். லிப்எக்ஸ்எஸ்எல்டி இந்த அட்டவணையை மாற்றம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டும். பெரிய கோப்பில் ஒரு சொல்லுக்காக முழு அட்டவணை கட்டுவது கட்டுப்படியாகாது. இதையே தலைகீழாக்குங்கள்: ஒவ்வொரு கோரிக்கைக்கும் டேட்டாபேஸிலிருந்து ஒரு சின்ன எக்ஸ்எம்எல் புதிதாக வருகிறது என்றால் லிப்எக்ஸ்எஸ்எல்டிக்குத்தான் என் ஓட்டு.

ஜாவா வேண்டாம், ஆனால் 3.0 வேண்டும் என்பவர்களுக்குச் சாக்சன்சி இருக்கிறது. பைத்தானிலும் பிஎச்பியிலும் சி++இலும் கூப்பிடலாம். 12ஆம் பதிப்பிலிருந்து கிரால்விஎம் என்ற கருவியைக் கொண்டு நேரடி எந்திரக் குறியீடாக்கித் தருகிறார்கள். ஜேவிஎம் தனியாகக் கிளம்ப வேண்டியதில்லை.

ஜாவா நிறுவியிருந்தால் எக்ஸ்எஸ்எல்டிசி என்ற எஞ்சின் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அப்பாச்சி சலானின் கிளை அது. ஸ்டைல்ஷீட்டை ஜாவா பைட்கோடாகவே மாற்றிவிடும். ஜாவா 5இலிருந்து இதுதான் இயல்பு எஞ்சின். பைட்கோடு ஆக்குவது செலவான வேலை என்பதால், கம்பைல் செய்த டெம்ப்ளேட்ஸ் பொருளை வைத்துக்கொண்டு அதிலிருந்து கோரிக்கைக்கு ஒரு டிரான்ஸ்ஃபார்மர் எடுக்க வேண்டும். டெம்ப்ளேட்ஸைப் பல த்ரெட்கள் பகிரலாம், டிரான்ஸ்ஃபார்மரைப் பகிரக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ஏதோ ஒரு லைப்ரரி தன்னோடு சாக்சன் ஜாரையும் இழுத்துக்கொண்டு வந்தால், நீங்கள் ஒரு வரியும் மாற்றாமலே எஞ்சின் மாறிவிடும். எந்த எஞ்சின் வேண்டும் என்று கோடில் பெயர் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பு.

டாட்நெட்டில் எக்ஸ்எஸ்எல்கம்பைல்ட்டிரான்ஸ்ஃபார்ம் என்ற வகுப்பு உண்டு. 1.0 மட்டும்தான், ஆனால் வேகமானது. ஏற்றுவதற்கு நேரமாகும், ஓட்டம் சுறுசுறுப்பு. ஆக அங்கேயும் ஒருமுறை ஏற்றி வைத்துக்கொள்வதுதான் வழி.

தமிழ் உரைக்கே உரிய செலவுகள்

இதை ஆங்கிலக் கையேடுகளில் பார்க்க முடியாது. தமிழ் யூனிகோடு குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎஃப்-8இல் 3 பைட். வெளியீட்டு என்கோடிங்கை யாரோ ஒருவர் ஆஸ்கி என்று வைத்துவிட்டால், 'த' என்ற ஒற்றை எழுத்து த என்று 7 பைட்டாக வெளியே வரும். பிரவுசரில் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. பக்கத்தின் தமிழ் உரை மட்டும் இரண்டு மடங்குக்கு மேல் வீங்கியிருக்கும். எஞ்சினைக் குறை சொல்வதற்கு முன்னால் பக்கத்தின் மூலத்தைத் திறந்து பாருங்கள்.

அகரவரிசை இன்னும் பெரிய தலைவலி. மொழி எதுவும் குறிப்பிடாமல் வரிசைப்படுத்தச் சொன்னால் லிப்எக்ஸ்எஸ்எல்டியும் சாக்சனும் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கும். அந்த வரிசையில் ன என்பது ந-வுக்கு அடுத்து வருகிறது, ழ என்பது வ-வுக்கு முன் வருகிறது, புள்ளி எல்லாவற்றுக்கும் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. விளைவாக மயிலுக்கு முன் மனம் வரும், பவளத்துக்கு முன் பழம் வரும். எங்கள் மெய்ப்பைப் பார்க்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் முதல் பக்கத்தைப் பார்த்ததுமே கேட்டுவிட்டார்: "தம்பி, அக்காவுக்கு முன்னால அகம் எப்படி வந்துச்சு?"

மொழியைக் குறிப்பிட்டு வரிசைப்படுத்தச் சொல்லலாம். ஆனால் அது எஞ்சினுக்கு எஞ்சின், சர்வரில் நிறுவிய லொகேலுக்கு (மொழி அமைப்புக்கு) லொகேல் வேறுபடும். ஒவ்வொரு கோரிக்கையிலும் நேரத்தையும் தின்னும். நான் செய்வது இது: கோப்பைத் தயாரிக்கும்போதே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வரிசைச் சாவியை உருவாக்கி @வரிசை என்ற பண்பில் எழுதிவைப்பது. உயிர் பன்னிரண்டு, ஆய்தம், அப்புறம் க ங ச ஞ என்று தொடங்கி ற ன என்று முடியும் மெய் பதினெட்டு, கடைசியில் கிரந்தம். புள்ளி வைத்த எழுத்து அகர உயிர்மெய்க்கு முன்னால். ஒவ்வொன்றுக்கும் இரண்டிலக்க எண் கொடுத்து ஒட்டினால் சாவி தயார். பிறகு எந்த எஞ்சினும் வெறும் இலக்கங்களை ஒப்பிட்டாலே சரியான வரிசை கிடைக்கும். மாறாத பட்டியல் என்றால் கோப்பிலேயே அந்த வரிசையில் அடுக்கிவிடலாம். ஓடும்போது வரிசைப்படுத்தவே வேண்டாம்.

கொடி என்ற சொல்லில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கீ அட்டவணைக்கு இரண்டும் வேறு. தேடினால் சொல் கிடைக்காது. இதைச் சீராக்கும் ஃபங்ஷன் 2.0இல்தான் வந்தது. 1.0 எஞ்சினை எடுத்தால் சீராக்கலைக் கோப்பு தயாரிக்கும் கட்டத்துக்குத் தள்ளுங்கள். அங்கே செய்வதுதான் எப்படியும் மலிவு.

எஞ்சினை மாற்றுமுன் ஸ்டைல்ஷீட்டைத் திறங்கள்

புரொஃபைல் அட்டவணையில் ஒரு டெம்ப்ளேட் மட்டும் மலையாக நின்றால், பெரும்பாலும் அதற்குள் //சொல்[@எண்=$வேண்டியது] போல ஒரு வரி இருக்கும். இரட்டைச் சாய்கோடு என்றால் 'கோப்பு முழுக்கத் தேடு' என்று பொருள். இது ஒரு சுழற்சிக்குள் இருந்தால், ஆயிரம் சொல்லுக்கு ஆயிரம் முறை முழுக் கோப்பையும் மேய வேண்டும். அதைக் கீயாக மாற்றினாலே போதும். எந்த எஞ்சின் மாற்றத்தாலும் கிடைக்காத வேகம் கிடைக்கும். கீ வைக்க முடியாத இடத்தில் /அகராதி/எழுத்து/சொல் என்று வழியை முழுதாக எழுதுங்கள்.

1.0இல் குழுவாகப் பிரிக்க, முன்னால் வந்த எல்லாச் சொல்லோடும் ஒப்பிடும் பழக்கமும் கோப்பு பெருக்கப் பெருக்க மென்னியைப் பிடிக்கும். ஆரக்கிளில் இருந்த ஸ்டீவ் மூயன்ச் பெயரில் வழங்கும் கீ உத்தியைப் பயன்படுத்துங்கள். 2.0 எஞ்சினில் அதற்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. நீளமான சரத்தைத் தன்னைத்தானே அழைக்கும் டெம்ப்ளேட்டால் உடைப்பவர்கள், லிப்எக்ஸ்எஸ்எல்டி இயல்பாக 3000 ஆழத்தோடு நிறுத்திவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னும் ஒன்று. கோப்பின் தலையில் எக்ஸ்எச்டிஎம்எல் டாக்டைப் இருந்தால், சில பார்சர்கள் (கோப்பைப் படிக்கும் நிரல்கள்) அதன் டிடிடியை, அதாவது ஆவண அமைப்பைச் சொல்லும் விதிக் கோப்பை, தேடி இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் தளத்துக்கே ஓடும். ஒரு நாளைக்கு 13 கோடி வரை இப்படிக் கோரிக்கைகள் வருவதாக டபிள்யூ3சி 2008இல் எழுதியது. திரும்பத் திரும்பக் கேட்பவர்களுக்கு வேண்டுமென்றே தாமதமாகவும் பதில் தருகிறார்கள். உங்கள் மாற்றம் காரணமில்லாமல் பல விநாடி உறைந்து நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். எக்ஸ்எம்எல் கேட்டலாக் வைத்து உள்ளூர்ப் பிரதிக்குத் திருப்பிவிடுங்கள்; எக்ஸ்எஸ்எல்டிபிராக்கில் நோவேலிட் என்ற ஆப்ஷனும் நோநெட் என்ற ஆப்ஷனும் உண்டு.

மாறும் நாளில்

புதிய எஞ்சின்தான் என்று முடிவானால், பழையதிலும் புதியதிலும் தளத்தின் எல்லாப் பக்கங்களையும் உருவாக்கி ஒப்பிடுங்கள். நேரடியாக ஒப்பிட்டால் இடைவெளி, பண்புகளின் வரிசை, எஞ்சின் தானாகச் சேர்க்கும் மெட்டா குறி என்று ஆயிரம் வேறுபாடு காட்டும். அவற்றில் உருப்படியானது ஒன்றிரண்டுதான் இருக்கும். அதனால் ஒப்பீட்டுக்காக மட்டும் வெளியீட்டை எக்ஸ்எம்எல்லாக எடுத்து, எக்ஸ்எம்எல்லிண்ட் கருவியின் சி14என் ஆப்ஷனால் இரண்டையும் ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்த பின் டிஃப் போடுங்கள். மிஞ்சும் வேறுபாடுகளில் வெற்றிடம் தொடர்பானவற்றைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு தமிழ்ச் சொற்களுக்கு நடுவே இருந்த இடைவெளி போய் அவை ஒட்டிக்கொள்வது அங்கேதான் தெரியும். 1.0 ஸ்டைல்ஷீட்டை 2.0 எஞ்சினில் ஓட்டும்போது இன்னொன்றையும் பாருங்கள்: பல முனைகளிலிருந்து மதிப்பை எடுக்கும் இடத்தில் 1.0 முதலாவதை மட்டும் தரும், 2.0 எல்லாவற்றையும் இடைவெளி விட்டு அடுக்கித் தரும். பதிப்பு எண்ணை 1.0 என்றே விட்டால் சாக்சன் பழைய நடத்தையைப் பின்பற்றுமா என்பது நீங்கள் எடுக்கும் பதிப்பைப் பொறுத்தது; அந்த வரிகளை மட்டும் தேடி, முதலாவது வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிட்டால் இரண்டு எஞ்சினிலும் ஒரே பதில் வரும்.